ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸா, ஆன்லைன் டியூட்டரா, ஆப்பா: காசையும் நேரத்தையும் எதில் போடுவது?

பன்னிரண்டு வருடம் இங்கிலீஷைப் பாடமாகப் படித்திருப்பீர்கள். லீவ் லெட்டர் எழுதத் தெரியும், கடை போர்டைப் படிக்கத் தெரியும், ஆபீஸ் மெயிலில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும். ஆனால் போனில் யாராவது இங்கிலீஷில் ஆரம்பித்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். தமிழ் வழியில் படித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள், வேலையில் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்கள் பலருடைய நிலை இதுதான். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும், மாதம் ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம் ரூபாய் வரை செலவழிக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். இந்த நேரத்தையும் காசையும் கேட்டு எத்தனையோ பேர் கை நீட்டுகிறார்கள். யாரிடம் கொடுப்பது?

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணங்களைப் பார்க்கலாம். சொல்வளமும் இலக்கணமும் ஏறக்குறைய இலவசமாக வீட்டிலேயே கிடைக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் வாய் திறந்து பேசுவதைப் பொறுமையாகக் கேட்டு, தப்பை எடுத்துச் சொல்லும் ஒரு ஆள். விற்பவர்கள் மூன்றையும் சேர்த்து ஒரே கோர்ஸாக விற்கிறார்கள். வாங்குகிற நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முப்பது நாள் கணக்கு

முதலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் வாசல்களில் தொங்கும் அந்த ‘முப்பது நாளில் சரளமாக’ போர்டைத் தீர்த்துவிடுவோம். மொழித் திறனை ஏ1 (ஆரம்பம்) முதல் சி2 (உச்சம்) வரை ஆறு படிகளாகப் பிரிக்கும் அளவுகோலை ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்டது. இன்று உலகம் முழுக்க இங்கிலீஷ் தேர்வுகள் பலவும் அந்தப் படிகளோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் சொல்கின்றன. ஒன்றுமே தெரியாமல் ஆரம்பிக்கும் ஒருவருக்கு ஆசிரியர் துணையோடு ஏ2 வரை வர 180 முதல் 200 மணி நேரம், பி1-க்கு 350 முதல் 400, பி2-க்கு 500 முதல் 600 மணி நேரம் ஆகும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு சொல்லும் தோராயக் கணக்கு. இன்டர்வியூவில் தடுமாறாமல் பேச பி1-ஐத் தாண்டி பி2-ஐ நெருங்க வேண்டும். முப்பது நாள், தினம் ஒரு மணி நேரம் என்றால் வெறும் முப்பது மணி நேரம். சரி, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. நீங்கள் பூஜ்யத்தில் இல்லை. படித்துப் புரிந்துகொள்வதில் ஏ2, பி1 பக்கம் இருப்பீர்கள், பேச்சில் மட்டும் ஏ1-லேயே நின்றிருப்பீர்கள். பள்ளியில் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதினோம், பாடப் புத்தகத்தைக் கோரஸாக வாசித்தோம், ஒருவரை ஒருவர் பார்த்து ஒரு கேள்வி கூட இங்கிலீஷில் கேட்டதில்லை. எனவே உங்களுக்குத் தேவை ‘அடிப்படையிலிருந்து’ ஆரம்பிக்கும் கோர்ஸ் இல்லை. தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவரும் வேலைதான் பாக்கி. அதற்கு ஆறு மாதம் நியாயமான கெடு.

கிளாஸில் உங்கள் பங்கு எத்தனை நிமிடம்?

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடிகளில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்களில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஒரு பேட்ச்சில் இருபது பேர், தினம் ஒரு மணி நேரம், 45 நாள் என்று வையுங்கள். அதில் பாதி நேரம் மாஸ்டர் போர்டில் எழுதுவார், விளக்குவார். பெரும்பாலும் பன்னிரண்டு டென்ஸ் கட்டம்தான். மீதி முப்பது நிமிடத்தை இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். 45 நாளும் தவறாமல் போனால் மொத்தக் கோர்ஸிலும் நீங்கள் பேசியது ஒரு மணி ஏழு நிமிடம். இதுவும் சரிசமமாகப் பிரித்தால்தான். உண்மையில் கூச்சமில்லாத நாலு பேர் அந்த நேரத்தை எடுத்துக்கொள்வார்கள், பின் பெஞ்சில் இருப்பவருக்கு ‘மை நேம் இஸ்’ சொல்வதோடு அன்றைய கிளாஸ் முடிந்துவிடும்.

இதே கிளாஸை வேறு மாதிரி நடத்த முடியும். இருபது பேரையும் பத்து ஜோடியாக உட்கார வைத்து, ஒரே நேரத்தில் பேசவிட்டு, மாஸ்டர் நடுவில் நடந்துகொண்டே காதில் விழும் தப்புகளைக் குறித்துக்கொண்டால் அதே அரை மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம் கிடைக்கும். ஒன்றரை எங்கே, பதினைந்து எங்கே! அதனால் சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஃபீஸ் எவ்வளவு என்பதோ, சர்டிபிகேட் கிடைக்குமா என்பதோ அல்ல. ‘ஜோடி ஜோடியாகப் பேச வைப்பீர்களா?’ என்று கேளுங்கள். (அந்தச் சர்டிபிகேட்டை எந்த எச்.ஆரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும் விஷயத்துக்குக் காகிதம் எதற்கு?) டெமோ கிளாஸ் கேட்டு வாங்குங்கள். அங்கே கையில் வாட்ச்சோடு உட்கார்ந்து மாஸ்டர் பேசியது எவ்வளவு நேரம், படிக்க வந்தவர்கள் பேசியது எவ்வளவு நேரம் என்று பாருங்கள். மாஸ்டரின் இங்கிலீஷ் பிரமாதமாக இருப்பதைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். நன்றாகப் பேசும் மாஸ்டர்கள்தான் அதிகம் பேசுவார்கள்.

மொத்த ஃபீஸையும் முதலிலேயே கேட்கும் இடத்தில், முதல் மாதம் மட்டும் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த இடம் பார்க்கலாம்.

கிளாஸுக்கென்று ஒரு பலம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மாலை ஆறு மணி என்றால் ஆறு மணிக்குக் கிளம்பித்தான் ஆக வேண்டும். வீட்டில் தனியாக ஒழுங்கு வராதவர்களுக்கு அது பெரிய உதவி. நம்மைப் போலவே திணறுகிற நாலு பேரைப் பார்க்கும்போது பாதி வெட்கம் போய்விடும். அங்கே கிடைக்கும் ஒரு நண்பர் கோர்ஸ் முடிந்த பிறகும் பேச்சுத் துணையாக நிற்பார். என்னைக் கேட்டால் பல கிளாஸ்களில் உருப்படியாகக் கிடைப்பது அந்த நண்பர்தான்.

ஒருவருக்கு ஒருவர்

ஆன்லைனில் தனி டியூட்டர் வைத்துக்கொள்வதில் நிமிடக் கணக்கே மாறிவிடுகிறது. அரை மணி நேர வகுப்பில் பதினெட்டு, இருபது நிமிடம் உங்கள் வாய்தான் பேசும். நாலே வகுப்பில் 45 நாள் கோர்ஸைத் தாண்டிவிடுவீர்கள். மணிக்கு மணி பார்த்தால் விலை அதிகம்போலத் தெரியும். நீங்கள் பேசிய நிமிடத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் இதுதான் மலிவு.

இங்கே பலர் மாட்டிக்கொள்வது ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ ஆசையில். பிரெப்ளி, ஐடாக்கி போன்ற தளங்களில் அமெரிக்க, பிரிட்டிஷ் டியூட்டர்களின் கட்டணம் டாலரில் ஏறிக்கொண்டே போகும். அதே தளங்களில் பிலிப்பைன்ஸ்காரர்கள், ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள், நம் நாட்டுக்காரர்கள் அதில் ஒரு பங்குக்குக் கிடைப்பார்கள். நீங்கள் நாளை பேசப்போவது புனேயில் இருக்கும் மேனேஜரிடமோ, துபாயில் இருக்கும் கிளையண்டிடமோதான். லண்டன் உச்சரிப்புக்கு மூன்று மடங்கு கொடுப்பதைவிட, அதே காசில் மூன்று வகுப்பு எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் தெரிந்த டியூட்டரா, தெரியாதவரா? இதில் எனக்கே இரண்டு மனசு உண்டு. இலக்கணத்தைத் தமிழில் சொன்னால் ஐந்து நிமிடத்தில் புரிகிற விஷயம் இங்கிலீஷில் அரை மணி நேரம் இழுக்கும். ஆனால் எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்றால், மாட்டிக்கொண்ட உடனே ‘அது வந்து சார்’ என்று தமிழுக்குத் தாவிவிடுவோம். தெரியாத வார்த்தையைச் சுற்றி வளைத்து, தெரிந்த வார்த்தைகளால் சொல்லிப் பழகுவதுதான் பேச்சின் பாதித் திறமை. தமிழ் தெரிந்தவரிடம் அது பழகாது. அதனால் முதல் மாதம் மட்டும் தமிழ் தெரிந்தவர், பிறகு வேற்று மொழிக்காரர் என்று போவது நல்லது.

டியூட்டரிடம் முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். நான் பேசும்போது நடுவில் நிறுத்த வேண்டாம், தப்புகளைக் குறித்து வைத்துக் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள், சாட்டிலும் எழுதிப் போடுங்கள். அடுத்தது, புத்தகம் வேண்டாம், நான் கொண்டுவரும் விஷயத்தைப் பற்றிப் பேசுவோம். இன்டர்வியூ கேள்வி, ஆபீஸில் நடந்த தகராறு, ஞாயிற்றுக்கிழமை சமையல், எதுவானாலும் சரி. இதைச் சொல்லாவிட்டால் பல டியூட்டர்கள் ஸ்கிரீனில் ஒரு பாடத்தை வைத்து வாசிக்கச் சொல்லி நேரத்தை ஓட்டிவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு அரை மணி நேரம் போதும்.

காசில்லாமல் பேச முடியாதா?

முடியும். மேடைப் பேச்சு பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள் சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் நடக்கின்றன. 1924-ல் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது, இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. சந்தா உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். விருந்தினராகப் போய் உட்கார்ந்து பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். அங்கே தயாரித்துக்கொண்டு வந்து பேசும் பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும், ‘டேபிள் டாபிக்ஸ்’ என்ற பகுதிதான் நமக்கு மருந்து. எதிர்பாராத ஒரு கேள்வியைக் கொடுத்து ஒன்று இரண்டு நிமிடம் எழுந்து பேசச் சொல்வார்கள். நீங்கள் எத்தனை முறை ‘ஆ... உம்...’ என்று இழுத்தீர்கள் என்று எண்ணுவதற்கே ஒருவர் உட்கார்ந்திருப்பார், இலக்கணத்தைக் கவனிக்க இன்னொருவர். ஆனால் வாக்கியமே அமையாத நிலையில் அங்கே போனால் பயந்து ஓடிவந்துவிடுவீர்கள். மூன்றாவது நாலாவது மாதத்தில் போகலாம்.

இப்போது எல்லோர் போனிலும் இருக்கும் ஏஐ பேச்சுத் துணை, அதாவது சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றின் குரல் வசதி, நிஜமாகவே நல்ல பயிற்சி. ராத்திரி பதினொரு மணிக்கும் சலிக்காமல் பேசும், சிரிக்காது, யாரிடமும் போய்ச் சொல்லாது. வெட்கம்தான் உங்கள் பிரச்சினை என்றால் முதல் இரண்டு வாரத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அதன் குறையும் அந்த நல்ல குணத்திலேயே இருக்கிறது. நீங்கள் எப்படி உளறினாலும் ஊகித்துப் புரிந்துகொள்ளும். ‘ஷிப்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஷீப்’ என்றால், மனிதர் முழிப்பார். ஏஐ பேச்சின் போக்கை வைத்து அதுவே சரிசெய்துகொண்டு பதில் சொல்லிவிடும், உச்சரிப்பு தப்பு என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. தப்பை நீங்கள் கேட்டால் ஒழியப் பெரும்பாலும் சொல்லாது, பாராட்டிக்கொண்டே இருக்கும். ‘ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் என் வாக்கியத்தில் இருந்த தப்பை மட்டும் சொல், பாராட்டாதே’ என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். அப்படியும், எதிரே ஒரு மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும்போது வரும் பதற்றத்துக்கு இது பழக்காது. அதனால்தான் வாரத்துக்கு இரண்டு முறையாவது மனிதர் வேண்டும் என்கிறேன்.

அரசு கல்லூரியில் படிப்பவர்கள் 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் தங்கள் கல்லூரியில் இங்கிலீஷ் பயிற்சி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

டுவோலிங்கோ மாதிரி ஆப்கள்? பஸ்ஸில் ரீல்ஸ் பார்ப்பதற்குப் பதில் பார்க்கலாம். திரையில் இருக்கும் வார்த்தைகளைத் தட்டி வரிசைப்படுத்துவதும், வெறும் வாயில் வாக்கியம் உருவாக்குவதும் வேறு வேறு வேலைகள். ஸ்ட்ரீக் (ஒரு நாளும் விடாமல் ஆப்பைத் திறந்த கணக்கு) நூறு நாள் ஆகியிருக்கும், போன் வந்தால் அக்காவிடம் கொடுத்துவிடுவார்கள். பிரீமியத்துக்குக் காசு கட்ட வேண்டாம்.

யூடியூபில் தமிழில் இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கும் சேனல்களும் அப்படித்தான். பதினைந்து நிமிட வீடியோவில் பதிமூன்று நிமிடம் தமிழ். கேட்க இனிமையாக இருக்கும், எல்லாம் புரிந்த மாதிரியும் இருக்கும். சமையல் சேனல் பார்த்துப் பசி ஆறாது என்பதுதான் இங்கேயும். ஒரு குறிப்பிட்ட சந்தேகம் வரும்போது தேடிப் பாருங்கள், வரிசையாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

இலக்கணம்: ரென் அண்ட் மார்ட்டினா, மர்ஃபியா?

வீட்டுப் பெரியவர்கள் சிபாரிசு செய்வது ரென் அண்ட் மார்ட்டின். 1930-களில் வந்த புத்தகம், இன்னும் விற்கிறது. வாக்கியத்தை உடைத்து இது என்ன உள்வாக்கியம் (clause), இது என்ன சொற்றொடர் (phrase) என்று பெயர் வைப்பதில் அதற்கு ஈடு கிடையாது. எஸ்.எஸ்.சி, வங்கித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளுக்குத் தயாராகிறவர்களுக்கு அது இன்றும் உதவும். பேசுவதற்கு அது வேண்டாம். நவுனின் வகைகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர்கள் ‘வை யூ ஆர் லேட்?’ என்று கேட்பதை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

பேச்சுக்கு ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ புத்தகம். கேம்பிரிட்ஜ் 1985-ல் வெளியிட்டது, அதற்குப் பிறகு பல பதிப்புகள். இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி, கடைசியில் விடைகள். ஆசிரியர் இல்லாமல் தனியாகப் படிக்கவென்றே செய்தது. ஆரம்ப நிலைக்குச் சிவப்பு அட்டை, இடைநிலைக்கு நீல அட்டை. இந்தியப் பதிப்பு விலை குறைவு. தயக்கம் இருந்தால் சிவப்பையே எடுங்கள், அது கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். தமிழ் பேசுகிறவர்கள் சறுக்கும் இடங்கள் சில குறிப்பிட்ட இடங்கள்தான், அவற்றுக்கான யூனிட்டுகளை முதலில் எடுங்கள். ‘நேற்று பார்த்திருக்கிறேன்’ என்று தமிழில் சொல்லலாம். அதே பழக்கத்தில் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்று வந்துவிடும். இங்கிலீஷில் நேற்று, போன வாரம் என்று காலத்தைச் சொல்லிவிட்டால் ‘ஐ சா’ தான். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ இன்னொன்று, ‘ஐ ஹேவ்’ போதும். கேள்விக்குள் கேள்வி வரும் இடம் மூன்றாவது: ‘டெல் மீ வேர் இஸ் தி பேங்க்’ என்போம், ‘வேர் தி பேங்க் இஸ்’ என்று வர வேண்டும். ‘ஏ’, ‘தி’ இரண்டுக்கும் தமிழில் நேரான ஆள் கிடையாது என்பதால் அதில் வருடக்கணக்கில் தடுமாறுவோம். அதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் கேள்வி அமைப்பும் கடந்த காலமும் தப்பினால் பேச்சே தடம் மாறிவிடும். அவற்றை முதலில் பிடியுங்கள்.

பயிற்சியை எழுதி முடித்தால் வேலை முடியவில்லை. அதே வாக்கிய அமைப்பில் உங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பத்து வாக்கியம் சத்தமாகச் சொல்லுங்கள். வாரம் இரண்டு யூனிட் போதும்.

ஒரு காலத்தில் கபில்தேவ் படத்தோடு விளம்பரம் வந்த ராபிடெக்ஸ் புத்தகம் பலர் வீட்டில் இன்னும் இருக்கும். சந்தையில், பேங்கில், ஆஸ்பத்திரியில் என்று பிரித்து வாக்கியங்கள் தமிழோடு கொடுத்திருப்பார்கள். பழைய பதிப்புகளில் ஒலி இல்லை என்பதுதான் குறை. இருந்தால் புரட்டுங்கள், புதிதாக வாங்க வேண்டியதில்லை.

சொற்கள்

சொல்வளத்தில்தான் அதிக உழைப்பு வீணாகிறது. தினம் பத்து புதிய வார்த்தை, நாளிதழ் தலையங்கத்தில் வந்த கடினச் சொற்கள் என்று நோட்டுப் போட்டு எழுதுகிறார்கள். வங்கித் தேர்வு எழுதுகிறவருக்கு அது சரி. பேசுகிறவருக்கு அந்த வார்த்தைகள் வருடத்தில் ஒருமுறை கூடத் தேவைப்படாது.

எந்த வார்த்தைகள் அடிக்கடி வருகின்றன என்று எண்ணிப் பட்டியல் போடும் வேலை வெகுகாலமாக நடக்கிறது. டாக்காவில் பல வருடம் ஆசிரியப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953-ல் சுமார் இரண்டாயிரம் சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். வங்காளப் பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கப் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவர் அவர். 2013-ல் அதைப் புதுப்பித்து சுமார் 2,800 சொற்களாக வந்த ‘நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்’ என்ற பட்டியல், பொதுவான இங்கிலீஷ் எழுத்தில் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளடக்குகிறது. அது இணையத்தில் இலவசம். இறக்கி வைத்து ஒரு ஞாயிறு மதியம் டிக் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான சொற்கள் தெரிந்திருக்கும், அதுதான் விஷயமே. தெரியாதவை சில நூறு இருக்கும், அவற்றைத்தான் படிக்க வேண்டும்.

புத்தகத்தை அகராதி இல்லாமல் தாராளமாகப் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது) வேண்டும் என்றும், பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஆறாயிரம், ஏழாயிரம் போதும் என்றும் பால் நேஷன் என்ற ஆய்வாளர் 2006-ல் கணக்கிட்டார். அவ்வளவையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய முடியாது. படித்துக்கொண்டே போனால்தான் சேரும்.

இன்னொரு சங்கதி, தமிழ் வழிக்காரர்களுக்கே உரியது. ‘போஸ்ட்போன்’ தெரியும், ‘புட் ஆஃப்’ தெரியாது. ‘டாலரேட்’ தெரியும், ‘புட் அப் வித்’ தெரியாது. பாடப் புத்தகம் பெரிய வார்த்தைகளைக் கற்றுத்தந்துவிட்டு, வீட்டில் புழங்கும் சின்ன வார்த்தைகளை விட்டுவிட்டது. ‘கெட்’, ‘டேக்’, ‘புட்’, ‘கோ’ போன்ற பத்து வினைச்சொற்கள் எதனோடெல்லாம் சேரும் என்று பார்ப்பது, நூறு புதிய வார்த்தையைவிட அதிகப் பேச்சைக் கொடுக்கும். தனி வார்த்தையாகக் குறித்துக்கொள்ளாமல், அது வந்த முழு வாக்கியத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறக்காமல் இருக்க ஆங்கி என்ற மென்பொருள் இருக்கிறது, கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். மறக்கப்போகிற நேரம் பார்த்து அந்த வாக்கியத்தைத் திரும்பக் கொண்டுவந்து காட்டும். அடுத்தவர் தயாரித்த ஐயாயிரம் சொல் தொகுப்பை இறக்கிவிடாதீர்கள். ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கில் மறுபார்வை குவிந்து, ஆப்பையே அழித்துவிடுவீர்கள். நீங்களே சேர்த்த வாக்கியங்கள், தினம் ஐந்து. அது போதும்.

படிக்க, நிலைவாரியாக எழுதிய சுருக்கக் கதைப் புத்தகங்கள் நல்லவை. ஆக்ஸ்ஃபோர்டின் புக்வர்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 சொற்களுக்குள், ஆறாம் நிலை 2,500 சொற்களுக்குள் எழுதியது. ஒரு பக்கத்தில் தெரியாத சொல் மூன்றுக்கு மேல் வந்தால் ஒரு நிலை கீழே இறங்குங்கள். வாங்க வேண்டும் என்பதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பிரிவில் எளிய இங்கிலீஷ் புத்தகங்கள் நிறைய உண்டு. பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து படிப்பதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

கேட்பதற்கு பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’. ஆறு நிமிடம், எழுத்து வடிவமும் உண்டு, காசு கிடையாது. 1943-லிருந்து வானொலியில் இங்கிலீஷ் சொல்லித்தரும் நிறுவனம், அந்த அனுபவம் தெரியும். ஒருமுறை வெறுமனே கேளுங்கள், அடுத்து எழுத்தைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள், பிறகு அவர்கள் பேசப் பேசக் கூடவே பேசுங்கள். தமிழில் நாம் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் கொடுப்போம். இங்கிலீஷ் ஒரு அசையை அழுத்தி மற்றதை விழுங்கும். ‘டெவலப்’ என்பதில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அவர்கள் நடு அசையை. வெளியாட்களுக்கு நம் பேச்சு புரியாமல் போவதற்குப் பல சமயம் இந்த அழுத்தம்தான் காரணம், தனித்தனி எழுத்துகளின் உச்சரிப்பு அல்ல. கூடவே பேசும் பயிற்சி அதை மெல்லச் சரி செய்யும். கிரிக்கெட் பிடித்தவர்கள் கமெண்ட்ரியை இங்கிலீஷில் மாற்றிக் கேட்கலாம். என்ன நடக்கிறது என்று கண்ணுக்கே தெரிவதால் காது தானாகப் பழகும்.

யாருக்கு எது

மூன்று மாதத்தில் இன்டர்வியூ என்றால்: காசு முழுவதும் டியூட்டருக்கு. வாரம் மூன்று அரை மணி நேரம், அதிலும் உங்கள் துறையின் கேள்விகள் மட்டும். மீதி நாட்களில் ஏஐ-யோடு அதே கேள்விகள். புது வார்த்தைகளை மறந்துவிடுங்கள். மர்ஃபியில் கேள்வி அமைப்பு, கடந்த காலம், இரண்டும் போதும். மனப்பாடம் செய்த ‘செல்ஃப் இன்ட்ரோ’ கேட்பவருக்கு முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும், அதனால் எழுதி வைத்து ஒப்பிக்காமல் குறிப்பு மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்லிப் பழகுங்கள்.

அவசரமில்லை, ஒரு வருடத்தில் நன்றாக வர வேண்டும் என்றால் தினமும் இருபது நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் ஆங்கி, பத்து நிமிடம் கூடவே பேசுதல், மீதி நேரம் இலக்கணம். வாரம் இருமுறை டியூட்டர். நாலாவது மாதம் டோஸ்ட்மாஸ்டர்ஸ் எட்டிப் பாருங்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்ஸ்கள் கதை வேறு. ஐஇஎல்டிஎஸ் என்ற பொது இங்கிலீஷ் தேர்வு என்றால் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், பொது விஷயங்கள். மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வு என்றால் நோயாளியிடம் பேசுவது போன்ற இரண்டு நடிப்புக் காட்சிகள், ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம். வார்டில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவருக்கு இரண்டாவது எளிதாக வரும் என்பது என் கணிப்பு. இங்கே தேர்வுக்கென்று நடக்கும் கோச்சிங்கில் சேர்வதில் தப்பில்லை, ஏனென்றால் தேர்வின் வடிவத்தைத் தெரிந்துகொள்வதே பாதி வேலை.

பிள்ளையின் பள்ளியில் டீச்சரிடம் இங்கிலீஷில் பேச வேண்டும் என்று வரும் அம்மாக்களுக்கு ஊர்ப் பக்கக் கிளாஸே நல்லது, அதுவும் பெண்கள் பேட்ச்சாக, ஜோடிப் பேச்சு இருக்கும் இடமாக. அவர்களுக்குத் தேவைப்படும் பேச்சு நாற்பது ஐம்பது வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். கூடப் பேச நாலு பேர் கிடைப்பதுதான் அங்கே பெரிய லாபம்.

எதில் சேர்ந்தாலும் முதல் நாள் போனில் உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். ‘போன வாரம் என்ன செய்தீர்கள்?’ என்ற ஒரே கேள்விக்கு இரண்டு நிமிடப் பதில், தயாரிப்பு இல்லாமல். நாலு வாரம் கழித்து அதே கேள்விக்கு மறுபடி பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இடைநிறுத்தம் குறைந்திருக்கிறதா, வாக்கியம் நீண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் அப்படியே இருந்தால், மாஸ்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அடுத்த மாதக் காசைக் கட்ட வேண்டாம்.